டிவிடி இல்லாமல் விண்டோஸை மறுபடி நிறுவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி நத்தையாகிவிட்டது, வைரஸ் புகுந்துவிட்டது, அல்லது ஒரு நாள் காலையில் நீலத்திரையைத் தாண்டி எதுவுமே வரவில்லை. விண்டோஸை மறுபடி நிறுவியாக வேண்டும். ஆனால் டிவிடியைக் காணோம். பலருக்கு அது வாங்கியபோதே வரவில்லை. விண்டோஸ் 10, 11 என்றால், அந்த டிவிடியில் இருக்க வேண்டியதை இன்று மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். அப்படிப் பொதுத்தளம் எதிலிருந்தும் இறக்க முடியாதவை உங்கள் கோப்புகள், கணக்கின் கடவுச்சொல், பூட்டப்பட்ட வட்டைத் திறக்கும் எண் ஆகியவைதான். அதனால் கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அவற்றைச் சுற்றியே போகிறது.

லேப்டாப் வாங்கியபோது டிவிடி எதுவும் தரவில்லை. கடைக்காரர் எடுத்துக்கொண்டாரா?

இல்லை. நிறுவனங்களே கொடுப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. முதலில் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையில் மீட்புப் பகுதி ஒன்றை ஒதுக்கி வைத்து, 'வேண்டுமானால் நீங்களே டிவிடியில் பதிந்துகொள்ளுங்கள்' என்றார்கள். அதைச் செய்தவர்கள் மிகச் சிலர். பிறகு லேப்டாப்பிலிருந்து டிவிடி டிரைவே காணாமல் போய்விட்டது.

டிவிடி இல்லையென்றால் லைசென்ஸும் போய்விட்டதா?

போகவில்லை. லைசென்ஸ் டிவிடியில் என்றுமே இருந்ததில்லை. அது எங்கே இருக்கிறது என்பது கணினியின் வயதைப் பொறுத்தது.

எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 காலத்துக் கணினிகளில் 25 எழுத்துகள் கொண்ட எண் ஒரு ஸ்டிக்கரில் அச்சாகி, லேப்டாப்பின் அடிப்பக்கத்திலோ பேட்டரிக்கு அடியிலோ, டெஸ்க்டாப் என்றால் பெட்டியின் பக்கவாட்டிலோ ஒட்டப்பட்டிருக்கும். விண்டோஸ் 8 முதல், நிறுவனமே விண்டோஸ் போட்டு விற்ற கணினிகளில் அந்த எண் மதர்போர்டில் உள்ள சிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மறுபடி நிறுவும்போது விண்டோஸ் அதைத் தானாகப் படித்துக்கொள்ளும். உங்களிடம் எதையும் கேட்காது.

மூன்றாவது வகை 2015இல் விண்டோஸ் 10 உடன் வந்த டிஜிட்டல் லைசென்ஸ். பழைய விண்டோஸ் 7 அல்லது 8.1 இலிருந்து இலவசமாக 10க்கு மாறியவர்களுக்கு இதுதான் கிடைத்தது. உங்கள் மதர்போர்டை அடையாளமாக வைத்து மைக்ரோசாஃப்ட் சர்வரில் ஒரு பதிவு இருக்கும். நிறுவும்போது எண் கேட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ' என்பதை அழுத்துங்கள். முன்பிருந்த அதே வகையைத் தேர்ந்தெடுத்து நிறுவி, இணையத்தோடு இணைத்தால் ஆக்டிவேட் ஆகிவிடும்.

'அதே வகை' என்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்களில் இருப்பது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்'. அதன் மேல் 'ப்ரோ' வகையைப் போட்டுவிட்டு ஆக்டிவேட் ஆகவில்லை என்று அலைபவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்றால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வகை, எப்படி ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்ற இரண்டுமே அதில் இருக்கும்.

உண்மையிலேயே மறுபடி நிறுவத்தான் வேண்டுமா?

நல்ல கேள்வி, இதைப் பலரும் கேட்பதில்லை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி திடீரென்று மெதுவானால், டிஸ்க் செத்துக்கொண்டிருக்கலாம். 'டிக் டிக்' சத்தம், ஒரு கோப்பைத் திறக்க நிமிடக்கணக்கில் காத்திருப்பது, நிறுவும்போது பாதியில் பிழை வருவது ஆகியவை அதன் அறிகுறிகள். அதன் மேல் எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் ஒரு மாதம்கூடத் தாங்காது. முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள், பிறகு சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டான எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் நிறுவுங்கள். டிஸ்க் நன்றாகவே இருந்தாலும், பத்து ஆண்டு பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி மாற்றுவதுதான் ஃபார்மேட் செய்வதைவிடப் பெரிய வைத்தியம் என்பது என் கருத்து.

ஃபார்மேட் செய்வதற்கு முன் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

'முக்கியமானது எல்லாம் டி டிரைவில் இருக்கிறது' என்று சொல்லாதவர் இல்லை. ஆனால் டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகள், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கின்றன. கண்ணுக்கு நேரே தெரிவதால் டெஸ்க்டாப் ஏதோ தனி இடம் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். முதலில் அவற்றை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள்.

கடை வைத்திருப்பவர்கள் டேலி என்ற கணக்கு மென்பொருளைப் பாருங்கள். டேலி பிரைம் தன் கணக்குகளை வழக்கமாக சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள், 'பப்ளிக்' என்பதன் கீழ் வைக்கிறது. எங்கே வைத்திருக்கிறது என்பதை டேலிக்குள்ளேயே பார்த்து, அந்த டேட்டா ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து, முடிந்தால் வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகல் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் மறந்தே போவது எழுத்துருக்களை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த திருமண அழைப்பிதழும் சங்கத் தீர்மானமும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லை. கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றைத் தமிழாகக் காட்டுவது அந்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. டிடிபி செய்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் ஒரே ஒரு பழைய அழைப்பிதழை வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

பிறகு பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள். பிரவுசரில் உங்கள் கணக்கு உள்நுழைந்து ஒத்திசைவு ஓடிக்கொண்டிருந்தால் அவை தப்பிக்கும். இல்லையென்றால் ஒரு கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் பூட்டின்றி அப்படியே இருக்கும் என்பதால் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

பிட்லாக்கர் எண் கேட்கிறதே, அது என்ன? நான் எதையும் பூட்டவில்லையே.

வட்டைக் குறியாக்கம் செய்து, அதாவது எண் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். நீங்கள் பூட்டவில்லை, விண்டோஸ் பூட்டியிருக்கிறது. அண்மைக்கால லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு உள்நுழைந்தால், ஹோம் வகையிலும்கூட வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுவது உண்டு. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. திறப்பதற்கான எண் 48 இலக்கங்கள் கொண்டது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, கருவிகளின் பட்டியலில் பார்த்தால் கிடைக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எந்தக் கணக்கு என்று உரிமையாளருக்கே தெரியாதபோது. வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கி உள்நுழைந்து கொடுத்திருப்பான். அதை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எண் இல்லையென்றால் வட்டில் இருப்பதை மைக்ரோசாஃப்ட்டாலும் திறக்க முடியாது. வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவத் தடை இல்லை; கோப்புகள் மட்டும் போனது போனதுதான். ஆகவே கணினி நன்றாக ஓடும்போதே அந்த எண்ணைத் தேடி, தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

விண்டோஸ் திறக்கவே இல்லை. கோப்புகளை எப்படி எடுப்பது?

வேறொரு கணினியில், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் வகைகளான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அதிலிருந்து கணினியைத் தொடங்கினால் (உபுண்டு என்றால் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள்), எதையும் நிறுவாமலேயே முழு லினக்ஸும் ஓடும். சி டிரைவைத் திறந்து உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். விண்டோஸ் அரைத்தூக்கத்தில் நின்றிருந்தால் டிரைவ் படிக்க மட்டுமே திறக்கும். நகலெடுக்க அதுவே போதும். வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் இங்கேயும் அந்த 48 இலக்க எண் வேண்டும்.

பென்டிரைவ்கூட இல்லை. ஏதாவது வழி?

உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. விண்டோஸ் ஓடினால் செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்தில் கிடைக்கும். ஓடாவிட்டால் உள்நுழையும் திரையில் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். அந்தத் திரையும் வரவில்லையா? தொடங்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும்.

அங்கே இரண்டு கேள்விகள் வரும். கோப்புகளை வைத்துக்கொள்வதா, எல்லாவற்றையும் அழிப்பதா என்பது முதல் கேள்வி. வைத்துக்கொள்ளச் சொன்னாலும், நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். எவை போயின என்ற பட்டியலை டெஸ்க்டாப்பில் விட்டுவைக்கும். அடுத்தது 'கிளவுட் டவுன்லோட்' வேண்டுமா, 'லோக்கல்' போதுமா என்பது. லோக்கல் என்றால் கணினியில் இருக்கும் கோப்புகளைக் கொண்டே விண்டோஸைக் கட்டும். அவையே கெட்டிருந்தால் 99 சதவீதத்தில் நின்று உங்களைச் சோதிக்கும். 2020இல் வந்த கிளவுட் வழி 4 ஜிபிக்கு மேல் இறக்கும், ஆனால் நம்பகமானது. நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் இணைப்பை நம்பி இதில் இறங்காதீர்கள்.

லேப்டாப்பின் சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். மின்வெட்டு நேரம் பார்த்து வருவதில்லை.

எஃப்11 அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பும் என்கிறார்களே?

எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10உம், ஆசஸில் எஃப்9, லெனோவோ லேப்டாப் பலவற்றில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளையாக 'நோவோ' பட்டன். மீட்புப் பகுதி அழியாமல் இருந்தால் கணினி வாங்கிய நாளின் நிலைக்குப் போகும். அன்றைய சோதனை ஆன்டிவைரஸும் விளம்பரங்களும்கூட அப்படியே திரும்பி வரும். ஒருமுறையாவது வெளியே ஃபார்மேட் செய்திருந்தால் அந்தப் பகுதி பெரும்பாலும் இருக்காது.

பென்டிரைவில் விண்டோஸை ஏற்றுவது எப்படி?

குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, நன்றாக ஓடும் ஒரு விண்டோஸ் கணினி, நல்ல இணையம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' என்ற சிறு மென்பொருளை இறக்கி ஓட்டினால், மீதியை அதுவே செய்துவிடும். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். மகள் கல்யாணப் படங்கள் இருக்கும் பென்டிரைவை நீட்டாதீர்கள்.

முழு டிவிடியும் ஒரே கோப்பாக இருக்கும் ஐஎஸ்ஓ கோப்பாக இறக்கி 'ரூஃபஸ்' என்ற இலவசக் கருவியாலும் ஏற்றலாம். கோப்பை வெறுமனே பென்டிரைவில் நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. டெலிகிராமில் உலவும் 'லைட்', 'கேமிங் எடிஷன்' விண்டோஸ்கள் மட்டும் வேண்டாம். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாத ஒன்றில் வங்கிக் கடவுச்சொல்லை அடிக்கப் போகிறீர்கள்.

பென்டிரைவைச் செருகினாலும் பழைய விண்டோஸே வருகிறது.

கணினியை இயக்கியதும் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியலை வரவழைக்க வேண்டும். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஃப்9. ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் அதைப் பல மாடல்களில் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் முதலில் அனுமதிக்க வேண்டும். பவர் பட்டனை அழுத்திய உடனே அந்தப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள்.

நிறுவும் திரை வந்துவிட்டது, ஆனால் டிஸ்க்கே தெரியவில்லை. டிஸ்க் போய்விட்டதா?

பதற வேண்டாம். 11ஆம் தலைமுறை இன்டெல் பிராசசரும் அதற்குப் பிந்தியவையும் உள்ள லேப்டாப்களில் இது அன்றாடம் நடப்பது. அவற்றில் எஸ்எஸ்டிக்கு முன்னால் 'விஎம்டி' என்ற அடுக்கு ஒன்று நிற்கிறது. அதற்கான டிரைவர் (வன்பொருளை விண்டோஸ் புரிந்துகொள்ள உதவும் சிறு மென்பொருள்) விண்டோஸின் நிறுவல் தொகுப்பில் பெரும்பாலும் இருப்பதில்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான 'இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்' டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். நிறுவும் திரையில் 'லோட் டிரைவர்' கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் எஸ்எஸ்டி தென்படும். இந்த ஒரு காரணத்துக்காக 'எஸ்எஸ்டி செத்துவிட்டது' என்று புதிதாக வாங்க வைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

எந்தப் பகுதியை அழிப்பது? ஜிபிடி என்று ஏதோ பிழை வருகிறது.

டி டிரைவில் கோப்புகள் இருந்தால் அதைத் தொடாதீர்கள். அளவை வைத்து அடையாளம் காணுங்கள். இந்தத் திரையில் சி, டி என்ற பெயர்கள் தெரியாது. டெஸ்க்டாப்பில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தால், நிறுவி முடியும்வரை கோப்புகள் இருக்கும் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுவதே நிம்மதி.

பழைய விண்டோஸ் இருக்கும் பகுதியை ஃபார்மேட் செய்யாமல் அதன் மேலேயே நிறுவினால், பழையவை 'விண்டோஸ் ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் ஒதுங்கும். எதையாவது எடுக்க மறந்தவர்களுக்கு இது கடைசி வாய்ப்பு. விண்டோஸ் தானாகவே சில நாட்களில் அதை அழித்துவிடும் என்பதால் உடனே பார்த்துவிடுங்கள்.

ஜிபிடி, எம்பிஆர் என்பவை டிஸ்க்கைப் பகுக்கும் இரண்டு முறைகள். அவை பற்றிய பிழை என்றால், டிஸ்க் பகுக்கப்பட்ட முறையும் பென்டிரைவிலிருந்து தொடங்கிய முறையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். தொடங்கும் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம். 'யுஇஎஃப்ஐ' என்று முன்னால் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் ஜிபிடி டிஸ்க்கில் நிறுவலாம்.

நிறுவி முடித்துவிட்டேன், வைஃபை இல்லை.

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' இயக்குங்கள். டிரைவர் எதுவும் இல்லாமலே பெரும்பாலும் இணையம் வந்துவிடும். பிறகு விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் வைஃபை, ஒலி, திரை எல்லாவற்றுக்குமான டிரைவர்களில் பெரும்பாலானவை தாமாக வரும். வராதவற்றை லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து எடுக்கலாம். டிரைவர்களை மொத்தமாகத் தேடித் தரும் மென்பொருள்கள் தேவையில்லை.

தமிழ் தட்டச்சுக்கும் தனி மென்பொருள் வேண்டாம். மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே இருக்கின்றன.

விண்டோஸ் 10 போடுவதா, 11 போடுவதா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கணினி ஏற்றுக்கொண்டால் 11தான். அதற்குப் பாதுகாப்புக்கான டிபிஎம் 2.0 சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன பிராசசர் வேண்டும். இந்தத் தடைகளைச் சுற்றிப் போக ரூஃபஸில் வழி இருக்கிறது; ஆனால் அப்டேட் எப்போதும் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அலுவலகக் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருந்தது. அதே திரும்ப வேண்டும்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியது. எல்காட் என்ற தமிழக அரசு நிறுவனம் வழியாக வந்த அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்று ஆதரவு முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் தளத்திலும் அது கிடைப்பதில்லை. விண்டோஸ் 7 எண்ணைக் கொண்டு 10, 11ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை 2023இல் அடைத்துவிட்டார்கள்.

அந்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 2 ஜிபி ராமில் தள்ளாடும், 4 ஜிபியாக்கினால் கடிதம் அடிக்கவும் வீடியோ பார்க்கவும் போதும். எண்ணும் கேட்காது, ஆக்டிவேஷனும் இல்லை.

வாங்கும்போது வந்த எம்எஸ் ஆஃபீஸ் திரும்பக் கிடைக்குமா?

முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அதைப் பதிவு செய்தீர்களோ, அந்தக் கணக்கில் உள்நுழைந்தால் கிடைக்கும். அந்தக் கணக்கு தெரியாவிட்டால் மிகவும் கடினம். ஃபார்மேட்டுக்கு முன் வேர்டைத் திறந்து 'அக்கவுண்ட்' பக்கத்தில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

மதர்போர்டு மாற்றினேன். ஆக்டிவேட் ஆகவில்லை.

லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் அந்த மதர்போர்டுக்கு உரியது. நிறுவனமே வாரண்டியில் மாற்றினால் எண்ணையும் சேர்த்து எழுதித் தர வேண்டும்; கேட்டு வாங்குங்கள். தனியாகக் கடையில் வாங்கிய ரீட்டெய்ல் லைசென்ஸ் என்றால், ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள 'டிரபிள்ஷூட்' மூலம் புதிய போர்டுக்கு மாற்றலாம். மாற்றுவதற்கு முன்பே அது உங்கள் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும்.

மேக் கணினிக்கு?

எளிது. இன்டெல் மேக் என்றால் தொடங்கும்போது கமாண்டும் ஆர் பொத்தானும். ஆப்பிள் சிப் உள்ளது என்றால் பவர் பட்டனை அழுத்தியே பிடியுங்கள். மீட்புத் திரை வந்ததும் மேக் இயங்குதளத்தை இணையத்திலிருந்து தானே இறக்கி நிறுவிக்கொள்ளும்.

இதெல்லாம் என்னால் ஆகாது. கடையில் கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

நான்கு விஷயங்கள். சி டிரைவின் கோப்புகளை நீங்களே நகலெடுத்துவிட்டுக் கொடுங்கள், அல்லது எவற்றை எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். லேப்டாப்பில் என்ன வகை விண்டோஸ் வந்ததோ அதையே போடச் சொல்லுங்கள். உங்களிடம் ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கும்போது ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் ஆக வைக்கும் திருட்டு மென்பொருள்) போட்ட 'ப்ரோ'வுக்குக் காசு கொடுப்பது வீண். அந்த ஆக்டிவேட்டர்களை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், அதிலேயே விஷயம் புரிந்துவிடும். மூன்றாவது, உங்கள் மின்னஞ்சலில் உள்நுழைவதை நீங்களே நேரில் செய்யுங்கள், கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். திரும்ப வாங்கும்போது கடையிலேயே இயக்கி, ஆக்டிவேஷன் பக்கம், வைஃபை, ஒலி, கேமரா நான்கையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.